பழசு என்பது ஒரு காரணமா?

கண்டி நகரைவிட்டு வடக்கே கிளம்பும் ஏ9 வீதி மஹய்யாவவைத் தாண்டித்தான் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகிறது. வளைவும் நெரிசலும் சேர்ந்த இந்தத் துண்டில், ஸ்டியரிங் இறுகிப்போன பழைய பென்ஸ் ஒன்றை ஓட்டி வருகிறவருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். யாரிடம் முறையிட்டாலும் ஒரே ஆறுதல்தான் கிடைக்கும்: "பழைய வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்."

அன்போடு சொல்லப்படும் இந்த வார்த்தைக்குள் ஒரு தத்துவப் பிழை இருக்கிறது. தமிழ் அதை இனங்கண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள், தருமம் கேட்க வந்த மணிமேகலைக்கு முதலில் அளவை நூலைத்தான் கற்பிக்கிறார். எது சரியான காரணம், எது காரணம்போலத் தோன்றி ஏமாற்றுவது என்று பிரித்தறியத் தெரியாதவருக்குத் தருமம் விளங்காது என்பது அந்த ஆசிரியரின் நிலைப்பாடு. அவர் எடுத்துச் சொல்லும் ஏதுப்போலிகளில் ஒன்று அநைகாந்திகம். காட்டப்படும் ஏது, முடிவுக்கு ஒத்த இடத்திலும் இருக்கும், ஒவ்வாத இடத்திலும் இருக்கும். ஆகவே அதைக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. பழைய வண்டிகளில் ஸ்டியரிங் இறுகியவை உண்டு, ஒற்றை விரலுக்குத் திரும்புபவையும் உண்டு. 'பழசு' இரண்டிலும் இருக்கிறது.

1976இல் வெளிவந்த மெர்சிடிஸ் டபிள்யூ123 ரகத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 27 இலட்சம் வண்டிகள் உற்பத்தியான ரகம் அது. இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுகிறது. அதன் பவர் ஸ்டியரிங்கில் மர்மம் ஒன்றுமில்லை. எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்த பம்ப் ஒன்று ஒயிலை அழுத்தி ஸ்டியரிங் பொக்ஸுக்கு அனுப்புகிறது. சாரதியின் கை காட்டும் பக்கம் அந்த அழுத்தம் துணைநிற்கிறது. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1926இலேயே இந்த ஏற்பாட்டை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டிவிட்டார். 1951இல் கிரைஸ்லர் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

காலம் நேரே வந்து இந்தப் பம்பில் கை வைப்பதில்லை. ரப்பர் காய்கிறது, கிரீஸ் வற்றுகிறது, பெல்ட் தளர்கிறது, பில்டரில் அழுக்கு அடைகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே தொட்டுப் பார்க்கலாம். நல்ல மெக்கானிக் பாஸ் ஒருவர் கையில் முதலில் எடுப்பது ஸ்பேனரை அல்ல, டயரின் காற்றை அளக்கும் மானியை. முன் டயர்களில் காற்றுக் குறைந்தாலே ஸ்டியரிங் கனக்கும். அடுத்து, எஞ்சினை ஓடவிட்டு நின்ற இடத்திலேயே திருப்பிப் பார்ப்பார். எக்ஸலேட்டரைக் கொஞ்சம் அழுத்தியதும் இலகுவானால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது பம்ப் களைத்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். ஒயில் டாங்கியின் மூடியைத் திறக்கையில் நுரை தெரிந்தால், உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்றுப் புகுகிறது.

இவை எதிலும் பிடிபடவில்லையென்றால் முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். இப்போது டயருக்கும் தரைக்கும் உரசல் இல்லை, பம்புக்கும் வேலை இல்லை. அப்படியும் கடுமையாகப் பிடித்தால் குற்றம் இரும்பில்தான்: போல் ஜொயின்ட், ஐட்லர் ஆர்ம், ஸ்டியரிங் தண்டின் மூட்டு, இல்லாவிட்டால் பொக்ஸ். பொக்ஸிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு மறுபடி திருப்பினால், இறுக்கம் கம்பிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது தெரிந்துபோகும். சில வண்டிகளில் குற்றவாளி முந்திய வைத்தியம்தான். தேய்ந்த ஜொயின்ட்டால் ஸ்டியரிங் ஆடியிருக்கும். யாரோ பொக்ஸின் ஸ்க்ரூவை முறுக்கி ஆட்டத்தை அடக்கியிருப்பார்கள். ஆட்டம் நின்றது, இறுக்கம் வந்தது. காரணத்தைத் தவறாகக் கணித்ததற்கு வண்டி கொடுத்த விலை அது.

இருக்கும்போது இருப்பது, நீக்கினால் நீங்குவது என்று ஒவ்வொன்றாய் விலக்கிக் காரணத்தை நெருங்கும் இந்த முறை, கண்டியின் சமயச் சூழலுக்கு அந்நியமானதல்ல. மஹய்யாவவிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்தவர் கே. என். ஜயதிலக்க. கேம்பிரிட்ஜில் விட்கென்ஸ்டைனின் வகுப்புகளில் இருந்தவர். ஆதி பௌத்தம் அறிவை எப்படி அளந்தது என்பதை ஆராய்ந்து 1963இல் அவர் வெளியிட்ட பெருநூல், புத்தரின் போதனையில் அனுபவத்தால் சரிபார்க்கும் போக்கை முன்னிறுத்தியது. பேராதனையிலும் பின்னர் ஹவாயிலும் கற்பித்த டேவிட் களுபஹன, 1975இல் காரணகாரியமே பௌத்தத்தின் மையத் தத்துவம் என்று ஒரு நூலே எழுதினார்.

பௌத்த நூலான சங்யுத்த நிகாயத்தில் மோலியசீவகன் என்ற பரிவிராஜகன் (அலைந்து திரியும் துறவி) புத்தரிடம் கேட்ட கேள்வி இங்கே முக்கியமானது. மனிதர் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாம் முன்வினையால்தான் வருகிறது என்று சிலர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அவன் கேட்டான். புத்தர் ஒப்பவில்லை. பித்தம், கபம், வாதம், இவை மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், கவனமற்ற நடத்தை, பிறரால் நேரும் தாக்குதல் என்று ஏழைச் சொல்லி, எட்டாவதாகத்தான் வினையைச் சேர்த்தார். எல்லாவற்றையும் வினைமேல் போடுவோர் தமக்கே தெரிந்ததையும் உலகம் உண்மையென ஏற்றதையும் மீறிப் பேசுகிறார்கள் என்றார்.

வினை மறுக்கப்படவில்லை, மற்ற ஏழும் இருக்க அதை மட்டும் பிடித்துக்கொள்வதே மறுக்கப்பட்டது. சைவரும் இதில் சங்கடப்பட வேண்டியதில்லை. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்ட சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கும் சித்தாந்தம், ஒரே சொல்லில் விசாரணையை மூடிவிடச் சம்மதிக்காது.

இந்தக் கேள்வி காரோடு நின்றிருந்தால் அதிகம் இழப்பில்லை. ஆனால் இதே மஹய்யாவவில், கண்டி மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளர்களான தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. பிரித்தானியர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நகரத்தைக் கூட்டிப் பெருக்கக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள். நெருக்கடியான குடியிருப்பையும், அப்பாவின் துடைப்பம் மகன் கைக்கு வருவதையும் 'தலையெழுத்து' என்று சொல்லிவிடுவது வெகு சுலபம். பழைய வண்டிக்குச் சொன்ன அதே காரணம் இங்கே மனிதர்மேல் போடப்படுகிறது.

தொட்டுக் காட்டக்கூடிய காரணங்கள் இங்கும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இவர்களைப் போலவே தென்னிந்தியாவிலிருந்து வந்தோரின் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டு, 1,50,000 பேரின் கதியைப் பின்னைக்கு ஒத்திவைத்தது. காலிங்க டியூடர் சில்வா, சிவப்பிரகாசம், தங்கேஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, கண்டித் துப்புரவுத் தொழிலாளரின் நிலையை நகர்ப்புறத் தீண்டாமை என்றே வெளிப்படையாகப் பெயரிட்டது.

இவற்றில் குடியுரிமைச் சிக்கலை 2003ஆம் ஆண்டின் சட்டம் பெருமளவு தீர்த்தது. அதற்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர்கள் இருந்தார்கள், நாடாளுமன்றம் வாக்களித்தது. சாதியும், மாநகர சபை வேலையோடு ஒட்டிக்கொண்ட குடியிருப்பும் இன்னும் கழற்றிப் பார்க்கப்பட வேண்டியவை. அப்படிக் கழற்றிப் பார்க்கும் பொறுப்பு மாநகர சபைக்கும், பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பாடசாலைகளுக்கும், வேலை கொடுக்கும் கண்டி வர்த்தகர்களுக்கும் உரியது.