காப்பாற்றுவோரைக் காப்பது யார் கடன்?

வீரத்தைப் போற்றுவதில் தமிழர் எவர்க்கும் பின்னிட்டவர் அல்லர். போர்க்களத்தில் மார்பில் ஏற்ற புண்ணை விழுப்புண் எனப் பெயரிட்டுக் கொண்டாடிய இனம் நம்முடையது. ஆயின் அப்புண் படாதிருக்கக் கவசம் செய்து கொடுத்தவனை நம்முள் எத்தனை பேர் நினைக்கின்றோம்? வீரனுக்குப் புகழ் வழங்குவதில் காசு செலவில்லை. கவசம் வழங்கவோ பணமும் வேண்டும், கவலையும் வேண்டும். புகழைக் கொடுத்துவிட்டுக் கவசத்தை மறப்பது நன்றியாகுமா? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா.

கோலா குபு பாருவில் தீயணைப்பு மீட்புப் படையினர்க்குரிய பயிற்சிக் கழகம் ஒன்று இருப்பதை வட சிலாங்கூர்த் தோட்டத்தார் அறிவர். பொம்பா என்று நாம் வழங்கும் அப்படையில் சேரும் இளைஞர், பிறர் அஞ்சி ஓடிவரும் இடத்தை நோக்கிச் செல்லக் கற்பது அங்கேதான். அவர் உடுத்தும் சட்டையை வெறும் கனத்த துணி என்று எண்ணுவோர் பலர். அது மூன்று அடுக்குகளால் ஆயது. வெளியடுக்கு தழலையும் கிழிசலையும் தாங்கும். நடுவடுக்கு நீரைத் தடுக்கும். உள்ளடுக்கு வெப்பத்தைத் தாமதிக்கச் செய்யும். ஆம், தாமதிக்கத்தான் செய்யும். முற்றும் தடுக்கும் துணி உலகில் இல்லை.

அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தார் 1975-இல் முதன்முதலாக வெளியிட்ட 1971 என்னும் எண்ணுடைய நியமம், பிற்காலப் பதிப்புகளில், இவ்வடுக்குகளின் காப்புத் திறன் 35 என்னும் அளவிற்குக் குறைதலாகாது என விதித்தது. இவ்வெண்ணின் பொருள் யாது? அறை முழுவதும் ஒருங்கே பற்றியெரியும்போது எழும் வெப்பத்தை ஒத்த சோதனையில், இரண்டாந்தரத் தீப்புண் உண்டாகுமுன் 17½ விநாடி கழிய வேண்டும் என்பதாம். ஒரு மனிதன் திரும்பி வாயிலை அடைவதற்குச் சமுதாயம் அளந்து கொடுக்கும் காலம் அவ்வளவே. ஆதலின் நியமம் என்பது, நெருப்பின் அருகே செல்லாதவர் செல்பவர்க்கு எழுதிக் கொடுத்த வாக்குறுதி என்க.

சட்டையை மேலும் தடிப்பாக்கினால் என்ன என்று சிலர் வினவலாம். வெளிவெப்பத்தை உள்ளே விடாத துணி உடலின் வெப்பத்தையும் வெளியே விடாது. நம் நாட்டுப் புழுக்கத்தில் அதை அணிந்து உழைப்பவன், தீ தீண்டாமலே மயங்கி வீழக்கூடும். இதனை உணர்ந்தே அந்நியமம், உடல்வெப்பம் வெளியேறும் அளவு சதுர மீட்டருக்கு 205 வாட்டிற்குக் குறைதலாகாது என்றும் பின்னர்க் கூறிற்று. இன்னொன்றும் உண்டு. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார், தீயணைக்கும் தொழிலையே புற்றுநோய் விளைக்கும் காரணங்களின் முதல் வகுப்பில் சேர்த்தனர். கரி படிந்த சட்டை வீரத்தின் அடையாளம் என்ற எண்ணம் இனி நில்லாது. அக்கரியில் நஞ்சு உண்டு. சட்டையை முறையாகத் துவைத்தல் வேண்டும், பழையதாயின் அகற்றுதல் வேண்டும். ஒருநாள் வாங்கிக் கொடுத்தலோடு கடமை முடிந்துவிடுவதில்லை.

தோழர்களே! இது பொம்பாக்காரர்க்கு மட்டும் உரிய பேச்சன்று. நம் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள். பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு இந்நாட்டில் 2002-இல் தடை அறிவிக்கப்பட்டது. 2006-இல் அது தளர்த்தப்பட்டது. 2020 சனவரி முதல் நாளிலேதான் தடை முழுமையாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நஞ்சை முதுகில் சுமந்தவர் நம் தாய்மாரும் தங்கைமாரும் அன்றோ?

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமாராகிய நாம், முகமூடி ஒன்று, கையுறை ஒரு சோடி, பூட்சு ஒரு சோடி கொடுக்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குகின்றோம். ஏடு சொல்வது அவ்வளவே. உச்சி வெயிலில் மூச்சு முட்டி அம்முகமூடியைக் கழற்றியவளைப் பார்த்து, அசட்டைக்காரி என்று உலகம் சொல்லும். 1994-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, கொடுத்த காப்புடையைத் தொழிலாளர் அணிய வேண்டும் என்கிறது, மெய்தான். அதற்கு முன்னரே 15-ஆம் பிரிவு, இயன்ற மட்டும் தொழிலாளரின் பாதுகாப்பை உறுதிசெய்வது முதலாளியின் கடமை என்கிறது. அதற்கான செலவை அவர் கூலியில் பிடித்தலாகாது என்பது 26-ஆம் பிரிவு. நடுவிலுள்ளதை உரக்கப் படித்து ஏனைய இரண்டையும் மெல்லப் படிப்பது நீதியாகாது. அணிய இயலாத கவசத்தைக் கொடுத்தவன் கவசம் கொடுத்தவன் ஆகான்.

செலவு மிகுமே என்பர் சிலர். மிகும், மறுப்பாரில்லை. ஆயின் அச்செலவை முதலாளியோ அரசாங்கமோ ஏற்காவிடில் அது மறைந்துவிடுவதில்லை. உழைப்பவனின் தோலும் நுரையீரலும் அதைச் செலுத்துகின்றன. ஊரார் கண்ணில் படாத அக்கணக்கை எந்தக் கிராணியும் எழுதுவதில்லை.

ஆதலின் காப்புடையின் தகுதியைச் சோதனைச்சாலை மட்டும் தீர்ப்பது போதாது. அணிபவரையும் கேட்டல் வேண்டும்: உடம்புக்குப் பொருந்துகிறதா, மூச்சு விட முடிகிறதா, கடைசியாகத் துவைத்தது எப்பொழுது என்று. தீயணைப்போர்க்கு மாலை சூட்டும் கூட்டங்களிலும், தோட்டத்துப் பெரட்டுக் களத்திலும் இக்கேள்விகள் எழட்டும். கேட்பதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவு நெருப்பினுள் நுழையாத நம்மிடமிருந்து வருதலே முறை.