பிள்ளை கையில் கொடுத்த துப்பாக்கி

'தி வாக்கிங் டெட்' சீரிஸின் மூன்றாவது சீசன் 2013இல் முடிந்தது. அந்தக் கடைசி எபிசோடில் எதிர்க்கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பையன் காட்டுக்குள் ஓடிவந்து மாட்டிக்கொள்கிறான். துப்பாக்கியைக் கொடுத்துவிடத்தான் கையை நீட்டுகிறான். கார்ல் கிரைம்ஸ் சுட்டுவிடுகிறான். கார்லும் சிறுவன்தான். அப்பா ரிக் கேட்டதும் தயாராகப் பதில் வைத்திருக்கிறான்: நீங்க அன்னைக்குக் கொல்லாம விட்டவனாலதான் அம்மா செத்தாங்க, நான் அப்படி விட மாட்டேன்.

அந்த அம்மா பிரசவத்தில் இறந்ததும், ஜாம்பியாக எழுந்துவிடக் கூடாது என்று அவளைச் சுட்டதும் இதே கார்ல்தான். அவன் சொல்கிற கணக்கை எடுத்துப் பார்த்தால் அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

ஜாம்பி கதைகளைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்கிற கேள்வி, குழந்தைக்குக் கொல்லக் கற்றுக்கொடுப்பது சரியா என்பது. அதற்குப் பதில் சுலபம். கொடுக்காம வேற என்ன பண்றது? வெளியே கூட்டம் நிற்கிறது, அப்பா எந்நேரமும் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. என்னைத் தொந்தரவு செய்வது அடுத்த கேள்வி. ஆபத்துக்காகக் கொடுத்ததை ஆபத்து போன பிறகு திரும்ப வாங்குவது யார்? ரிக் முயன்று பார்க்கிறான். நான்காவது சீசன் தொடங்கும்போது சிறைச்சாலை வளாகத்தில் விவசாயம் பார்க்கிறான், பன்றி வளர்க்கிறான், மகனிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைத்திருக்கிறான். இரண்டாவது எபிசோடிலேயே வேலி சாய்கிறது. துப்பாக்கி மறுபடி மகன் கைக்கு வந்துவிடுகிறது. அந்த இரண்டு எபிசோடும் பலருக்கு போர். எனக்கு மொத்த சீரிஸிலும் அவைதான் முக்கியம்.

துப்பாக்கியைத் தராமல் பயத்தை மட்டும் தந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அந்தக் கதையில் ஒரு பையன் இருக்கிறான். சாம். கேரல் என்ற பெண் செய்கிற ஒரு காரியத்தை அவன் பார்த்துவிடுகிறான். வெளியே சொன்னால் உன்னை மரத்தில் கட்டிவிடுவேன், ஜாம்பிகள் வந்து தின்னும் என்று அவள் மிரட்டுகிறாள். பிறகு ஒரு நாள், பிணங்களின் ரத்தத்தையும் குடலையும் மேலே பூசிக்கொண்டு எல்லோரும் ஜாம்பிக் கூட்டத்துக்கு நடுவே சத்தமில்லாமல் நடந்துபோக வேண்டியிருக்கிறது. பாதியில் சாமுக்குக் கேரலின் வார்த்தைகள் ஞாபகம் வருகின்றன. கால் நகரவில்லை. அங்கேயே போய்விடுகிறான்.

பிணங்களுக்கு நடுவே பிள்ளைகள் பயந்துவிடாமல் இருக்க வேண்டிய கதை எங்கள் ஊருக்குப் புதிதில்லை. தில்லை நகரிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். 1323இல் டெல்லிப் படை அங்கே வந்தது. ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு சுருதப்ரகாசிகை என்ற உரையை எழுதிய சுதர்சன சூரிக்கு அப்போது வயதாகியிருந்தது. தன் இரண்டு பிள்ளைகளையும் அந்த உரையின் சுவடியையும் அவர் வேதாந்த தேசிகரிடம் ஒப்படைத்தார். தேசிகர் பிள்ளைகளோடு பிணக்குவியலுக்குள் பிணம்போலப் படுத்துக் கிடந்தார், பிறகு மைசூர்ப் பக்கம் தப்பிப்போனார் என்பது வைணவ மரபு சொல்கிற கதை. ஜாம்பி கதையில் செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். இங்கே உயிரோடு இருப்பவர்கள் செத்தவர்களாகக் கிடக்கிறார்கள். மூச்சு சத்தம் வெளியே கேட்கக் கூடாது. அந்தப் பிள்ளைகள் அன்றிரவு கற்றுக்கொண்டது அதைத்தான்.

நான் கேட்டவரையில் இந்தக் கதை சுவடியின் கதையாகவே சொல்லப்படுகிறது. உரை தப்பித்தது, மரபு தப்பித்தது. கூடவே வந்தவர்கள் 'இரண்டு பிள்ளைகள்'. அதற்குப் பிறகு அவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஸ்ரீரங்கத்துக்குப் பெருமாள் திரும்பி வந்தது 1371இல். அந்தப் பையன்களுக்கு அன்று பத்து வயது என்று வைத்துக்கொண்டால், பெருமாள் திரும்பும்போது ஐம்பத்தெட்டு. வாழ்க்கையே போய்விட்டது.

தேசிகர் பின்னால் ஸ்ரீரங்கத்துக்காக ஒரு துதி எழுதினார். அதன் பெயர் அபீதிஸ்தவம். பீதி என்றால் பயம், அபீதி என்றால் பயமின்மை. மறுபடி அந்த ஊரில் பயமில்லாமல் வாழ வேண்டும் என்பதுதான் வேண்டுதல். சுவடி கையில் பத்திரமாக இருந்தது, ஆனாலும் அவர் கேட்டது இதை. பிணங்களுக்கு நடுவே பக்கத்தில் படுத்திருந்த இரண்டு சின்ன உடம்புகளும் அவர் மனதில் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. ஆதாரமெல்லாம் கிடையாது.

தமிழ் சினிமா இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. 2016இல் சக்தி சௌந்தர் ராஜன் எடுத்த 'மிருதன்' ஊட்டியில் நடக்கிறது. ஜெயம் ரவி டிராஃபிக் போலீஸ். தங்கைக்காக எதையும் செய்வார். தங்கை வளர்வதற்குப் படத்தில் நேரம் இல்லை. குழந்தை என்றால் காப்பாற்றப்பட வேண்டிய பொருள், அவ்வளவுதான்.

தில்லை நகரில் கிராஸுக்கு கிராஸ் ஒரு ஆஸ்பத்திரியோ ஒரு கோச்சிங் சென்டரோ இருக்கும். சாயங்காலம் வெளியே வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நீட்டை ஜாம்பியோடு ஒப்பிடுவது மிகைதான், தெரியும். ஆனாலும் வீட்டில் பேசுகிற பாஷை அதேதான்: பக்கத்துல உக்காந்திருக்கானே, அவன் உன் ஃப்ரெண்டு இல்ல, காம்பெடிட்டர். ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ. இரண்டு வருடம் முடிகிறது. 720க்கு ஏதோ ஒரு மார்க் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்தவனைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த அந்தப் பார்வை? 'சரிப்பா, இனிமே அது வேணாம், குடு' என்று எந்த அம்மாவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

டிவியில் கார்ல் 2018இல் செத்துப்போனான். அது கதைக்காரர்கள் தப்பித்துக்கொண்ட வேலை என்பது என் கட்சி. பிள்ளை வளர்ந்தால் என்ன ஆவான் என்று காட்ட வேண்டியதில்லை பாருங்கள். ராபர்ட் கிர்க்மனின் காமிக்ஸ் அப்படி விடவில்லை. 2019இல் வந்த 193ஆவது, கடைசி இதழில் கார்ல் பெரியவனாகிவிட்டான். உலகம் பத்திரமாகிவிட்டது. ஜாம்பிகள் இப்போது வேடிக்கைப் பொருள். மேகியின் மகன் ஹெர்ஷல் அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிக் காசு பார்க்கிறான். ஹெர்ஷலின் ஜாம்பிகளை கார்ல் கொல்கிறான். அடுத்தவன் சொத்தை நாசம் செய்ததாக வழக்கு. சின்ன வயதில் எதைச் செய்து எல்லோரையும் காப்பாற்றினானோ அதே காரியம் இப்போது குற்றம். விசாரிக்கிற நீதிபதி மிச்சோன். அவனோடு சேர்ந்து அந்த நாட்களைக் கடந்து வந்தவள்.

முடிவில் கார்ல் நாற்காலியில் உட்கார்ந்து, தன் மகள் ஆண்ட்ரியாவுக்குத் தாத்தா ரிக்கின் கதையைப் புத்தகத்திலிருந்து வாசிக்கிறான். அந்தப் பக்கத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன், துப்பாக்கி எங்கேயாவது மாட்டியிருக்கிறதா என்று.