டிக்கெட் வாங்கியவனின் தீவு

கோலார் தங்கவயல்காரனுக்குக் கடல் என்றால் வேளாங்கண்ணி, இல்லாவிட்டால் மெரினா. மன்னார் வளைகுடாவைப் பார்க்கவென்று எங்கள் ஊரிலிருந்து யாரும் மூட்டை கட்டியதாகத் தெரியவில்லை. மாமாவுக்கு ராமேஸ்வரத்தில் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. அதை முடித்த பிறகு பகல் மிச்சமிருக்கவே, பாம்பனை ஒட்டிய குந்துகாலுக்குப் போனோம். அங்கிருந்து வனத்துறைப் படகு குருசடைத் தீவுக்குக் கூட்டிப் போகிறது. மாமா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "கீழ எறங்கறதுக்கு நமக்குச் சம்பளம் குடுத்தாங்க. இங்க சும்மா பாக்கறதுக்கே காசு வாங்கறாங்களே" என்று சொல்லிக்கொண்டேதான் டிக்கெட் எடுத்தார்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். பவளப்பாறை, கடற்புல், அந்தப் புல்லை மேயும் ஆவுளியா என்கிற கடற்பசு, ஆமை, கடலட்டை என்று உயிர்கள் நெருங்கி வாழும் இடம். 21 என்பது காகிதக் கணக்கு. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் ஏற்கெனவே தண்ணீருக்கடியில் போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் சிமெண்டுக்காகவும் பவளக்கல்லை ஆண்டுக்கணக்கில் வெட்டி எடுத்தது இதற்கு ஒரு பெரிய காரணம். அலையை வாங்கிக்கொள்ள முன்னால் நின்ற பாறை போய்விட்டால், பின்னாலிருக்கும் மணல்திட்டு எதை நம்பி நிற்கும்?

இதைக் கேட்டு மாமா ஆச்சரியப்படவில்லை. தோண்டி எடுத்தால் என்ன மிஞ்சும் என்று தங்கவயலில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வெள்ளைக்காரன் போனான், சர்க்கார் வந்தது, ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. ஒரு டன் பாறைக்குச் சில கிராம் பொன்தான் என்று ஆன பிறகும் தோண்டினார்கள். 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். மூடியதுகூட 'போதும்' என்று யாருக்கோ தோன்றியதால் அல்ல, கணக்கு நஷ்டம் காட்டியதால். இன்று ஊருக்கு நடுவே சைனைடு மண்மேடுகள் நிற்கின்றன. காற்றுக் காலத்தில் அந்தத் தூள் சோற்றுத்தட்டு வரைக்கும் வரும்.

தீவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த கரையில்தான் அந்த அம்மாவைச் சந்தித்தோம். விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கிழிசல் சுற்றியிருந்தார், பாறை கிழிக்காமலிருக்க. கடல்பாசி எடுப்பவர். மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் ஏஜென்ட் கைக்குப் போய், அங்கிருந்து அகார் அகாரும் ஆல்ஜினேட்டும் செய்யும் ஆலைகளுக்குப் போகின்றன. தீவுப் பக்கம் நீங்கள் போவதுண்டா என்று கேட்டேன். "நாங்க போனா தப்பு, நீங்க போனா டூரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கரையோரத்துப் பாசிப் பெண்கள் தங்களுக்குள் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள், மாதத்துக்கு 12 நாள்தான் பாசி எடுப்பது. இரும்புச் சுரண்டி கூடாது, கைதான். வேரோடு போனால் அடுத்த முறை பாறை மொட்டையாகக் கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 120 வருடம் பொன் எடுத்த கம்பெனி ஒருநாளும் போடாத கணக்கு இது. அதைப் போட்டவர்கள், ஒரு நாள் எடுக்காவிட்டால் அந்த நாள் கூலி இல்லாதவர்கள்.

பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சட்டம் வந்திராவிட்டால் இன்னும் எத்தனை தீவுகள் மூழ்கியிருக்குமோ! ஆனால் சட்டம் போட்ட அந்தக் கோடு, பவளத்தை லாரி லாரியாக வெட்டியவனையும் கையளவு பாசி கிள்ளியவளையும் ஒரே பக்கத்தில் நிறுத்திவிட்டது. மறுபக்கத்தில் நான், செல்போனோடு. என் படகும் டீசல் குடித்துத்தான் போனது. பார்ப்பது மட்டும் குற்றமில்லாத காரியம் என்ற நம்பிக்கை, வயிற்றுப்பாட்டை வேறெங்கோ முடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கே கட்டுப்படியாகிறது. எனக்கும் கட்டுப்படியாகிறது என்பதுதான் உறுத்தல்.

யாரை வெளியே நிறுத்திக் காப்பது என்ற இந்தக் கேள்வி எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறது. கம்பெனி விட்டுப்போன புல்வெளிகளில் வெளிமான் மேய்கிறது. பெங்களூரிலிருந்து விடிகாலையில் காரில் வந்து நீள லென்ஸ் வைத்துப் படம் எடுக்கிறார்கள். ஆடு ஓட்டி வருகிறவர்களைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்கிறார்கள், படத்தில் ஆடு விழுந்தால் காடு மாதிரி இருக்காதாம். அந்த நிலத்தில் தொழிற்பேட்டை கொண்டுவரும் பேச்சும் இருக்கிறது. நான் மான் கட்சி. அதைக் காப்பதற்கு வேலி போட்டால் சந்தோஷப்படுவேன் என்று ஊர் திரும்பும் ரயிலில் மாமாவிடம் சொன்னேன்.

"போடட்டும்பா. ஆனா எங்க போடணும்னு ஆடு மேய்க்கறவள கேட்டுட்டுப் போடட்டும். மான் எங்க குட்டி போடும்னு அவளுக்குத்தான் தெரியும்."

"கேட்டா, வேலியே வேணாம்னுதான் சொல்லுவா, மாமா."

"சொல்லட்டுமே" என்றார். "அப்ப ஏன் வேணும்னு நீ அவகிட்ட சொல்லிப் பாரு."

என்ன சொல்வதென்று பங்காருப்பேட்டை வரைக்கும் யோசித்தேன். மானுக்காக என்று நான் அடுக்கிய காரணங்களில் பாதி, என் ஞாயிற்றுக்கிழமைக்கானவை.