ஒரு கைப்பிடி போதும்



நம்முடைய தியானத்துக்குப் பிரசங்கி 4-ம் அதிகாரம் 6-ம் வசனத்தை எடுத்துக்கொள்ளுவோம். வேதத்தைத் திறந்து வாசித்துப் பாருங்கள். இரண்டு கையும் நிரம்பியிருந்து மனசு அலைமோதுகிறவனைவிட, ஒரு கை நிரம்பி உள்ளம் அடங்கியிருக்கிறவன் மேலானவன் என்று ஞானி தீர்ப்புச் சொல்லுகிறார். வெறுங்கையாய் இரு என்று அவர் சொல்லவில்லை. இதே அதிகாரம் 5-ம் வசனத்தில், கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறவனை மூடன் என்கிறார். ஒரு கை நிரம்ப வேண்டும். அதற்கு உழைக்க வேண்டும். அடுத்த கையையும் நிரப்பப் போய் மனுஷனே காலியாகிவிடக் கூடாது. அதுதான் செய்தி.

இந்த வசனத்தை நான் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம்முடைய சபையில் வாலிபர் கூட்டத்தில் வளர்ந்த ஒரு தம்பி மாலத்தீவில் இங்கிலீஷ் வாத்தியாராக வேலை செய்கிறார். நமக்கு அது ரொம்ப தூரத்து தேசம் அல்ல. தூத்துக்குடியிலிருந்து தோணியில் காய்கறியும் கட்டடச் சாமானும் போகிற இடந்தான். அங்கே பள்ளிக்கூடங்களில் 1960-களில் ஆங்கில வழிப் பாடம் வந்தது. அதுமுதல் வெளியிலிருந்து வாத்தியார்கள் தேவைப்பட்டார்கள். நம்முடைய தென் மாவட்டங்களிலிருந்து எத்தனையோ பேர் போனார்கள். அதற்கு முன்பே எத்தியோப்பியாவில் ஹைலே செலாசி ராஜாவின் நாட்களில் இந்திய வாத்தியார்கள் ஏராளமாய்ப் பாடம் நடத்தினார்கள். மழை பொய்த்தால் வெளியே போய்ப் பிழைப்பது கரிசல்காட்டு ஜனத்துக்குப் புதிதல்ல.

இந்தத் தம்பிக்கு இரண்டு வேலை. பகலில் பள்ளிக்கூடம். சாயங்காலம் ஒரு டியூஷன் சென்டரில் இங்கிலீஷ் வகுப்பு. ஏஜென்டுக்குக் கொடுத்த பணம் வட்டிக்கு வாங்கினது. அக்கா கலியாணக் கடன் வேறே. ஒரு நாள் போனில் கேட்டார்: “பாஸ்டர், ரெண்டுல ஒண்ணை விட்டா கடனை எப்படி அடைக்க? விடலைன்னா தொண்டை போயிரும் போல இருக்கு. ராத்திரி பத்து மணிக்குத்தான் சோறு. நோட்டுத் திருத்திக்கிட்டே தூங்கிர்றேன். ஜெபம் பண்ணி எத்தனை நாளாச்சுன்னு எனக்கே தெரியல.” நான் உடனே பதில் சொல்லவில்லை. “தம்பி, ஒரு வாரம் ஜெபிப்போம், கணக்கும் போடுவோம்” என்றேன்.

பிரியமானவர்களே, இரண்டு வேலை பார்ப்பது பாவம் என்று நான் பிரசங்கிக்க மாட்டேன். நானே வாரநாளில் வேலைக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை வசனம் சொல்லுகிறவன். பவுல் அப்போஸ்தலன் கொரிந்து பட்டணத்தில் அந்நிய தேசத்தானாய் இருந்தபோது, ஆக்கில்லா பிரிஸ்கில்லாளோடு கூடாரத் தொழில் செய்தான். ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் பேசினான். ஆனால் சீலாவும் தீமோத்தேயுவும் மக்கெதோனியாவிலிருந்து வந்த பிறகு அவன் வசனத்திலேயே ஊன்றி நின்றான் (அப்போஸ்தலர் 18). அது எப்படி முடிந்தது? மக்கெதோனியா சகோதரர்கள் அவன் குறைவை நிறைவாக்கினார்கள் என்று 2 கொரிந்தியர் 11:9-ல் பார்க்கிறோம். கொரிந்துவில் ஒருவன் கை லேசாக வேண்டுமானால், மக்கெதோனியாவில் சிலர் கை நீட்ட வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தத் தம்பியோடு நான் பேசின காரியங்களை உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். துபாயிலோ மஸ்கட்டிலோ உங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள் அல்லவா?

முதலாவது, எது வேர், எது கிளை என்று பாருங்கள். பெர்மிட் கொடுத்தது பள்ளிக்கூடம். அந்தத் தேசத்தில் கால் வைத்து நிற்பது அதன்மேல்தான். சாயங்கால வேலைக்கு முறையான காகிதம் ஒன்றும் கிடையாது. மணிக்கணக்குப் பார்த்தால் சாயங்காலத்தில்தான் கூலி அதிகம். ஆனால் ஒரு புகார் போனால் இரண்டும் போய்விடும். ஐக்கிய அரபு நாடுகளில்கூட, தனியாக டியூஷன் எடுக்கிற வாத்தியார்களுக்கு 2023 டிசம்பரில்தான் அரசாங்கம் பெர்மிட் முறை கொண்டுவந்தது. வாங்காமல் எடுத்தால் இன்றைக்கும் தண்டனை உண்டு. விசுவாசி ஒளித்துச் செய்கிற வேலையில் எப்படி நிம்மதியாய் இருப்பான்? கதவு தட்டுகிற சத்தத்துக்கெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே!

இரண்டாவது, விடுகிறதற்கும் பதம் உண்டு. நம்முடைய கரிசல் மண்ணை உங்களுக்குத் தெரியும். மழை பெய்த மறுநாளே ஏர் பூட்டினால் மண் கலப்பையில் அப்பிக்கொள்ளும். காயவிட்டால் பாளம் பாளமாய் வெடித்து இரும்பாகிப் போகும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. சம்சாரி அதற்குக் காத்திருப்பான். அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதுகிறார்கள். பரீட்சைக்கு முன்னே பாதியில் விட்டுவிட்டு வந்தால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன? தனக்கு நஷ்டம் வந்தாலும் கொடுத்த வாக்கு மாறாதவனே கர்த்தருடைய கூடாரத்தில் தங்குவான் என்பது 15-ம் சங்கீதத்தின் கருத்து. ஆகையால் முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள். பரீட்சை வரைக்கும் ஒழுங்காய் நடத்துங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். “அம்மாவுக்குச் சுகமில்லை” என்று பொய் சொல்லி விடுதலை வாங்காதீர்கள். பொய்யினால் திறக்கிற கதவு தேவன் திறந்த கதவு அல்ல.

மூன்றாவது, மிச்சமாகிற நேரத்தைப் பிசாசுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு வேலையை விட்டவர்கள் மூன்றாம் மாதமே வேறொன்றைப் பிடித்துக்கொள்ளுகிறதைப் பார்த்திருக்கிறேன். வனாந்தரத்தில் மன்னாவைச் சொன்ன அளவுக்குமேல் வைத்தவர்களுக்கு அது புழுத்து நாறிப்போயிற்று (யாத்திராகமம் 16). அங்கே வெள்ளியும் சனியும் லீவு. ஞாயிறு வேலை நாள். அந்த வெள்ளிக்கிழமையை ஓய்வுக்கும், வேதத்துக்கும், வீட்டாரோடு பேசுகிறதற்கும் பிரித்து வையுங்கள். ‘அகல உழுகிறதைவிட ஆழ உழு’ என்று நம்முடைய பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இதற்கு ஒரு சாட்சி நம்முடைய மண்ணிலேயே இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்த தாமஸ் ராக்லாந்து ஐயர் கேம்பிரிட்ஜில் பெரிய படிப்புப் படித்தவர். சென்னையில் சர்ச் மிஷனரி சங்கத்தின் காரியதரிசி. மேஜை, கடிதம், கணக்கு எல்லாம் அவர் கையில். அந்தப் பதவியை விட்டுவிட்டு 1854-ல் இந்த வடக்குத் திருநெல்வேலிக் கரிசல்காட்டுக்கு வந்து, கூடாரம் போட்டு, கிராமம் கிராமமாய் நற்செய்தி சொன்னார். சரீரமோ பலவீனம். 1858 அக்டோபரில் சிவகாசியில் மரித்தார். நாலு வருஷந்தான்! ஆனாலும் ஒரே சாலில் ஆழ உழுத நாலு வருஷம். கோதுமைமணி நிலத்தில் விழுந்தது. அந்த நிலத்தில்தான் நாம் இன்று உட்கார்ந்து அல்லேலூயா பாடுகிறோம்.

நாலாவது காரியம் ஊரில் இருக்கிற நமக்கு. இதைக் கொஞ்சம் கண்டிப்பாய்ச் சொல்லுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாசம் பிறந்தால் “இன்னும் பணம் வரலையே” என்று போன் போடுகிறோம். “சாப்பிட்டியா, ஜெபிச்சியா, உறங்கினியா” என்று எத்தனை பேர் கேட்கிறோம்? பக்கத்து வீட்டில் மேல்மாடி எழும்பினால் நம்முடைய பிள்ளையின் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றுகிறோம். அவன் அனுப்புகிற ஒவ்வொரு ரூபாயிலும் அவன் தொண்டைத் தண்ணீர் இருக்கிறது. அவனுக்கு மக்கெதோனியாவாக இருக்க வேண்டியவர்கள் நாம்தானே?

அந்தத் தம்பி பரீட்சை முடிந்த பிறகு சாயங்கால வேலையை விட்டுவிட்டார். சென்டர்காரர்கள் கடைசி மாதச் சம்பளத்தைக் கொடுக்கவில்லை. “போகட்டும் பாஸ்டர், நான் வாக்குத் தவறல” என்றார். கடன் தீர இன்னும் இரண்டு வருஷம் கூடுதலாய் ஆகும். இதை நான் மறைக்கவில்லை; வட்டி வட்டிதான். ஆனால் அவருடைய தகப்பனார் வந்து என்னிடத்தில் சொன்னது என் இருதயத்தைத் தொட்டது: “ஐயா, வீடு கட்டுறதைத் தள்ளி வச்சிட்டோம். அந்தப் பணத்துல முதல்ல வட்டிக் கடனை அடைப்போம். பையன் குரல் இப்பதான் பழையபடி கேக்குது.” இதுதான் மக்கெதோனியாவின் ஈவு!

ஆகையால் பிரியமானவர்களே, இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு போன் போட்டு, பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், அவனுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் கேளுங்கள். அப்புறம் குடும்பமாய் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். எதைத் தள்ளி வைக்கலாம், எந்தக் கடனை முதலில் அடைக்கலாம் என்று பேசுங்கள். முழங்காலில் நின்று முடிவெடுங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, தூர தேசத்தில் எங்கள் பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும். எதைப் பிடிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அவர்களுக்கு உணர்த்தும். அவர்கள் பாரத்தில் தோள்கொடுக்க எங்களுக்குக் கிருபை தாரும். ஒரு கைப்பிடியில் திருப்தியைத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.