இரண்டு பஞ்சாங்கங்கள்

விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கம். திண்டிவனத்தில் அண்ணா வீட்டில் திருக்கணிதம். இந்த வருஷம் அப்பாவின் திதி திருக்கணிதப்படி வெள்ளிக்கிழமை, வாக்கியப்படி சனிக்கிழமை. "தப்பான நாளில் செய்தால் அவருக்குப் போய்ச் சேருமா?" என்று அம்மா கேட்டாள். திதியில் நம்பிக்கையில்லாத என்னிடம் கேட்டாள். எந்த நாளானால் என்ன என்று சொல்லியிருக்கலாம். முடியவில்லை.

இந்தக் கேள்வியிலேயே வாழ்ந்த ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் முதல் உதவியாளராக இருந்தவர். 1867இல் ரெட்டிகுலம் என்ற விண்மீன் கூட்டத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874இல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, அதை நம்மவர்களுக்கு விளக்கி உரையாடல் வடிவில் ஒரு சிறுநூல் எழுதினார். 1880இல் இறந்தார்.

வாக்கியம் என்பது மனப்பாடக் கணிதம். சந்திரனின் நிலைகள் 248 வாக்கியங்களில் எழுத்துகளாக அடைக்கப்பட்டிருக்கின்றன. வானத்தைப் பார்க்காமலே திதி சொல்லலாம். ஆனால் சந்திரன் அந்த வாக்கியங்களுக்குக் கட்டுப்படுவதில்லை. திதி சில நாழிகைகள் விலகுகிறது. சில சமயம் நாளே மாறிவிடுகிறது. ரகுநாதாச்சாரி கண்ணுக்குத் தெரிகிற வானத்தோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கத்தைக் கணித்து வெளியிட்டார்.

அவரை மதத்துக்கு எதிராக நின்ற விஞ்ஞானி என்று நினைப்பது எளிது. அது தவறு. காலம் முக்கியம் என்று சாஸ்திரம் சொன்னதால்தான் அவர் சரியான காலத்தைத் தேடினார். தொலைநோக்கியிடம் அவரைக் கொண்டுபோனதே நம்பிக்கைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சங்கடம் அதற்குப் பிறகுதான். புதிய கணிதம் சரியென்றால், பாட்டனார் கொடுத்த பிண்டமெல்லாம் யாருக்குப் போயிற்று? விஞ்ஞானம் இதற்குப் பதில் சொல்லாது. பதில் இல்லை என்பதற்காகச் சந்திரனை நகர்த்தி வைக்கவும் முடியாது.

பேங்கில் பழைய பக்கத்தில் தவறு கண்டால் அதை அழிப்பதில்லை. இன்றைய தேதியில் திருத்தப் பதிவு போடுகிறோம். தெரியாமல் எழுதியவன் குற்றவாளியில்லை. தெரிந்த பிறகும் அதே தொகையை எழுதுகிறவன்தான் பொய்யன். நம்பிக்கை அறியாமையைத் தாங்கும். அறிந்து செய்யும் தவறைத் தாங்காது. அம்மாவிடம், "இதுவரை செய்ததெல்லாம் சேர்ந்திருக்கும், இனிமேல் வெள்ளிக்கிழமை" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறுத்தியது. நாளை மட்டும்தான் நான் திருத்தினேன். "சேர்ந்திருக்கும்" என்ற சொல்லை எந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்? ரகுநாதாச்சாரி தன் நம்பிக்கையைப் பணயம் வைத்துக் கணித்தார். பணயம் வைக்க எனக்கு எதுவும் இல்லை. அதனால்தான் என் பதில் அவ்வளவு சுலபமாக வந்தது.