செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

கொல்கத்தாவின் யாதவ்பூர் பகுதியில் ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்தவர் மனோரஞ்சன் ப்யாபாரி. எழுத்து, சிறையில் கற்றது. 1980களின் தொடக்கத்தில் வண்டியில் ஏறிய ஓர் அம்மையாரிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார். அவர் வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி. தம் பத்திரிகைக்கு எழுதச் சொன்னார். புத்தகங்கள் வந்தன, பரிசுகள் வந்தன. வயிற்றுப்பாட்டுக்கோ காது கேளாதோர் பள்ளியில் இருபதாண்டுக்கும் மேல் சமையல் வேலைதான்.

உடம்பு ஒத்துழைக்காமல் இலகுவான வேலை கேட்டவரை 2020இல் மம்தா பானர்ஜி அரசு நூலகத்துக்கு மாற்றியது. அதே ஆண்டு தலித் சாகித்ய அகாதமித் தலைவர் பதவி. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஹூக்ளி மாவட்டத்துப் பலாகர் தனித்தொகுதியில் மம்தாவின் திரிணாமுல் கட்சிச் சீட்டு, வென்றார். பிறகு உள்ளூர்க் கட்சிக்காரர்களையே முகநூலில் வெளிப்படையாகச் சாடினார்.

தூக்கிவிட்டவர்களின் கட்சியைக் குறைசொல்வது நன்றி கெட்டதனமா? கர்ணன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி சங்கடமானது. ஆனால் துரியோதனன் கொடுத்தது தன் வசமிருந்த நாட்டை. நூலகச் சம்பளமோ மக்களின் வரிப்பணம். மூட்டு தேய்ந்த எந்தச் சமையல்காரருக்கும் விதிப்படி கிடைத்திருக்க வேண்டிய மாறுதல் அது. விதியாக வர வேண்டியது தலைவர் கையால் வந்ததும் உரிமை சலுகையாகிவிட்டது, சலுகை கடனாகிவிட்டது. முதல் பிழை கொடுத்த பக்கத்தில்தான். வாய்திறந்ததற்காக அவரைக் கடிவது அநியாயம்.

அதற்காக, பட்ட பாட்டைக் காட்டி அவர் எதிலிருந்தும் தப்பிவிட முடியாது. 1971இல் ‘ரிக்‌ஷாக்காரன்’ எம்.ஜி.ஆருக்குக் கைதட்டிய ஊர் நம்முடையது. நடிப்புக்கே அவ்வளவு மயங்கினோம் என்றால் நிஜ ரிக்‌ஷாக்காரரிடம் கணக்குக் கேட்க நாக்கு எழாதுதான். ஆனால் அவர் தொகுதியான பலாகரில் படகு கட்டும் தச்சர் கேட்டே ஆக வேண்டும். இரக்கப்பட்டு விட்டுவிட்டால் அவரைச் சமமாக நடத்தியதாகாது.

வேட்புமனு கொடுக்க அவர் ரிக்‌ஷாவில்தான் போனார். தமிழ்நாடு 1973இலேயே கைரிக்‌ஷாவை ஒழித்து மாற்று வண்டி கொடுத்தது. வங்கச் சட்டசபை 2006இல் தடைச்சட்டம் நிறைவேற்றியும் கொல்கத்தாத் தெருக்களில் அது ஓய்ந்தபாடில்லை. இழுப்பவர்களில் பலர் பீகாரிலிருந்து வந்தவர்கள். வாக்கு சொந்த ஊரில். பலாகர் உறுப்பினரால் அவர்களுக்கு ஆக வேண்டியது சட்டப்படி ஒன்றுமில்லை. இருந்தும், அவர்கள் தொழிலைத் தேர்தலுக்கு முகமாகக் காட்டியவர் சபையில் அவர்களுக்காகவும் எழுந்து நின்றாக வேண்டும். கட்சி சீட்டுக் கொடுப்பதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே ஏறிய கடன் அது.