ஊமையாய் நின்ற பத்து நாள்கள்

பந்தல்குடிப் பேருந்து நிறுத்தத்தின் அருகே உள்ள தேநீர்க் கடையில் ஒரு மாலைப்பொழுதில் அமர்ந்திருந்தோம். எம்மோடு இருந்தவர் அண்டை ஊர் இசுலாமிய இளைஞர். எகிப்து நாட்டின் கெய்ரோ நகரிலுள்ள அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் பயில்பவர், விடுமுறைக்காக வந்திருந்தார். அவருடைய தந்தையார் நமக்கு நெடுநாளைய நண்பர். "அங்கே போய் இறங்கிய முதல் நாள்கள் எப்படி இருந்தன, தம்பி?" என்று கேட்டோம். "பத்து நாள் ஊமையா இருந்தேன், பாதர்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

நாம் வியந்தோம். மதரசாவில் ஏழாண்டுகள் அரபு கற்றவர் அவர். இலக்கணத்தில் முதல் மாணவர். ஆனால் அவர் கற்றது நூல்களில் வாழும் அரபு; கெய்ரோவின் தெருக்களில் வழங்குவதோ வேறொன்று. முதல் நாள் ரொட்டிக் கடையில் நின்று, இலக்கணம் பிசகாமல் 'குப்ஸ்' வேண்டும் என்று கேட்டாராம். நின்றவர்கள் புன்னகைத்தனர். முதியவரான கடைக்காரர் மட்டும் ஒரு ரொட்டியை எடுத்து உயர்த்திக் காட்டி, "அய்ஷ்" என்று மெல்லச் சொன்னார்; மாணவர் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்தார்; அதன் பிறகே காசு வாங்கினார். எகிப்தியர் ரொட்டிக்கு வழங்கும் அச்சொல்லுக்கு 'வாழ்வு' என்பதும் பொருள்.

இத்தகைய தடுமாற்றம் நமக்குப் புதிதன்று. 1710-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த வீரமாமுனிவரும் இதே மதிலில் முட்டிக்கொண்டவரே. நம் கரிசல் நாட்டுக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய அவர், ஏட்டிலுள்ள தமிழும் மக்கள் நாவிலுள்ள தமிழும் வேறுவேறு என்பதைக் கண்டார். எனவேதான் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் தனித்தனியே எழுதினார். தேம்பாவணி பாடிய புலவரும் ஒருகாலத்தில் நம்மூர்த் தெருவில் சொல் கிடைக்காமல் திகைத்து நின்றிருப்பார் அல்லவா? அவருக்குச் சொல் எடுத்துக் கொடுத்த உழவர் யார், தாய் யார்? வரலாறு அவர்கள் பெயரைக் குறித்து வைக்கவில்லை.

மொழியை இழந்தவன் அறிவை இழந்தவன் அல்லன். ஆயினும் உலகம் அவனை அப்படியே மதிப்பிடுகிறது. தன் ஊரில் நகைச்சுவையாகப் பேசுபவன், வாதத்தில் வெல்பவன், பிறர்க்கு அறிவுரை கூறுபவன், எல்லை கடந்ததும் விரல் நீட்டிக் கேட்கும் குழந்தையாகி விடுகிறான். அந்த நிலையில் அவனுக்கு நாம் பட்ட கடன் ஏதேனும் உண்டா? அல்லது அது அவன் தேடிக்கொண்ட துன்பமா?

அல்-அஸ்ஹரின் பழைய வழக்கம் ஒன்று இங்கே எண்ணத்தக்கது. பத்தாம் நூற்றாண்டில் எழுந்த அப்பள்ளிவாசலில், தொலைநாட்டு மாணவர்க்கெனத் தனித்தனி விடுதிப் பகுதிகள் இருந்தன. சிரியா, மேற்கு ஆப்பிரிக்கா, துருக்கி என நாட்டுவாரியாக மாணவர் தங்கினர். அறக்கொடைச் சொத்துகளின் வருவாயிலிருந்து நாள்தோறும் அவர்களுக்கு ரொட்டி அளக்கப்பட்டது. புதிதாய் வந்தவன் மொழி கற்கும் முன்பே உண்ண வேண்டும் என்பதை அந்த அறம் உணர்ந்திருந்தது.

நம் திருவிவிலியமும் எகிப்தை மறக்க விடுவதில்லை. அந்நியரை ஒடுக்கலாகாது என்று கட்டளையிடும் இடங்களில் இறைவன் காட்டும் காரணம், இசுரயேலர் எகிப்தில் அந்நியராய் இருந்தனர் என்பதே. இணைச்சட்ட நூல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அடிமைத்தனத்தின் கசப்பு நெஞ்சில் இருந்தும், எகிப்தியரை வெறுக்கலாகாது, ஏனெனில் அவர் நாட்டில் நீ தங்கியிருந்தாய் என்கிறது. பட்ட துன்பத்தை நினைப்பது பழிவாங்குவதற்காக அன்று, பிறரைப் புரிந்துகொள்வதற்காக. பின்னொரு நாள் திருக்குடும்பமும் அதே நாட்டில் தஞ்சம் புகுந்தது. அங்கே கழிந்த நாள்களைப் பற்றி மத்தேயு நற்செய்தி ஒன்றும் கூறவில்லை. மரியன்னைக்கு அந்நாட்டில் ரொட்டியின் பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் யாரோ!

நாம் இவ்வாறு பேசிக்கொண்டிருந்தபோதே அது நடந்தது. நூற்பாலையில் வேலை செய்யும் வடநாட்டு இளைஞன் ஒருவன் கடைக்கு வந்தான். எதையோ கேட்டான், புரியவில்லை. மீண்டும் கேட்டான். பெஞ்சில் இருந்தவர்கள் அவன் குரலைப் போலவே பேசிக்காட்டிச் சிரித்தனர். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: நாமும் புன்னகைத்தோம். கெய்ரோ மாணவர் மட்டும் எழுந்தார். அங்குள்ள விடுதியில் வடஇந்திய மாணவரிடம் கற்ற உருதுவில் இரண்டு வார்த்தை பேசினார். சர்க்கரை இல்லாத தேநீர் வேண்டும் என்பதே அவன் கேட்டது. தேநீரை வாங்கிக் கொண்டவன் எம்மைப் பார்த்து, "ஜெய் யேசு" என்றான்.

நாம் திடுக்கிட்டோம். சார்க்கண்டு கத்தோலிக்கரின் வாழ்த்துரை அது. பல மாதங்களாக ஞாயிறுதோறும் நம் ஆலயத்தின் கடைசித் தூண் அருகே நின்று, திருப்பலி முடிந்ததும் போய்விடும் முகம் அல்லவா இது! நற்கருணையை நம் கையாலேயே அவனுக்கு வழங்கியிருக்கிறோம். அவன் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

பிழைக்க வந்தவன்தான் நம் மொழியைக் கற்க வேண்டும் என்பார் உளர். அதில் நியாயம் உண்டு. கெய்ரோ மாணவரும் 'அய்ஷ்' என்னும் சொல்லைக் கற்கத்தான் செய்தார். கற்பது விருந்தினனின் கடமை. கற்கும்வரை அவனை இழிவுபடுத்தாமல் பொறுத்திருப்பது வீட்டாரின் கடமை. இரண்டில் எது முந்தியது? வலிமை யாரிடம் உள்ளதோ அவரே முதலடி வைக்க வேண்டும் என்றே நாம் துணிகிறோம். கடை அவருடையது, ரொட்டி அவருடையது, மொழியும் அவருடையது. ஒரு சொல்லைக் கொடுப்பதால் அந்தக் கடைக்காரர் எதை இழந்தார்?

நம் பிள்ளைகள் துபாயிலும் தோகாவிலும் குவைத்திலும் இருக்கின்றனர். அங்கே யாரேனும் அவர்களுக்குப் பொறுமையாக ஒரு சொல் கற்பிக்க வேண்டும் என்று இரவில் செபமாலை சொல்லும் தாய்மார் நம் பங்கில் பலர். அந்தச் செபத்தை நம் தேநீர்க் கடையில் நாமே நிறைவேற்றாவிடில், தொலைவில் நிறைவேறும்படி எம்முகத்தோடு கேட்பது?

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கடைசித் தூணை நோக்கி நடந்தோம். "ஜெய் யேசு" என்றோம். நம் உச்சரிப்பு பிசகியிருக்க வேண்டும். அவன் சிரிக்கவில்லை, மெல்லத் திருத்திச் சொன்னான், நாம் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்தான்.